ஏழாம் நீலம், எட்டாம் நீலம்

முத்துப்பேட்டை
26.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

செம்மொழி எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணனும் அப்பாவும் நலம் என்பது நேற்று போனிலேயே தெரிந்துவிட்டது. அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நாம் பேச வேண்டியதில் பாதியை அவரே பேசிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், நீங்கள் அனுப்பிய பெயிண்ட் நிற அட்டையின் படம். என் போனில் ஏழாம் எண்ணும் எட்டாம் எண்ணும் ஒரே நீலமாகத் தெரிகின்றன. எங்கள் மருந்தக உதவியாளர் மீரா உசேன் அண்ணன் போனில் திறந்து பார்த்தால் இரண்டுமே பச்சை. போனை நம்பி மாப்பிள்ளை பார்த்தாலும் பார்க்கலாம், பெயிண்ட் பார்க்க முடியாது போலிருக்கிறது. அதனால் ஓர் உபகாரம் செய்யுங்கள். அன்சார் கடையில் இரண்டிலும் கொஞ்சம் கலந்து வாங்கி, தனித்தனி அட்டையில் பூசி, காய்ந்ததும் தபாலில் அனுப்புங்கள்.

சிரிக்காதீர்கள். மாட்டு டாக்டராக ஊர் ஊராகச் சுற்றியதில் நான் இருந்த வாடகை வீடுகளுக்கெல்லாம் ஒரே சுவர்தான், பால் திரிந்துபோன மாதிரி ஒரு வெள்ளை. ஆணி அடிக்கக் கூடாது, காலண்டர் ஒட்டக் கூடாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் எண்ணெய்க் கறை படியும் என்று அதற்கும் ஒரு பேச்சு. முப்பத்தேழு வயதில் முதல் தடவையாக 'உன் சுவருக்கு என்ன நிறம் வேண்டும்?' என்று என்னை ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் மாதம் நம்மூருக்கே மாறுதல் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். மாடி அறை எனக்கு என்று முதலில் சொன்னது நீங்கள்தான். இருந்தாலும் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். கல்யாணம் ஆகாத நாத்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டோடு வந்து உட்காருவது எந்த அண்ணிக்கும் இனிக்காது. மனதில் சின்ன உறுத்தல் இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். (பொய். கோபித்துக்கொள்வேன். ஆனாலும் சொல்லுங்கள்.)

தபால்காரர் வழி பார்த்திருக்கும்,
செம்மொழி


திருக்காட்டுப்பள்ளி
4.2.2025

அன்புள்ள செம்மொழிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நேற்றுதான் நம் வயலில் அறுவடை மெஷின் இறங்கியது. உன் அண்ணன் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு மூட்டையாகக் கிடக்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆட்டுக்கு ஊசி போட்ட கையோடு பிஸ்கட்தானா?

அட்டைகள் இத்துடன் இருக்கின்றன. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம். நாம் போகாத கல்யாணங்கள், யாருடையது என்று திருப்பிப் பார்த்துக் குற்றம் சொல்லாதே. மூலையில் எண் போட்டிருக்கிறேன். டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார். ரவிக்கைத் துணிக்கு நூல் பொருத்தும் தையல்காரியின் கண் சொல்கிறது, கேட்டுக்கொள். ஏழு, சொட்டு நீலம் ஒரு சொட்டுக் கூடிப்போன வெள்ளை வேட்டி. எட்டு, அதே வேட்டி நிழலில் காய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். என் ஓட்டு எட்டுக்கு.

அன்சார் பாய் கலந்து கொடுக்கும்போது, "யாருக்கும்மா ரூம்பு?" என்று கேட்டார். என் நாத்தனாருக்கு என்றேன்.

"கல்யாணம் பண்ணிப் போறாங்களா?"

"இல்ல பாய், வீட்டுக்கு வராங்க."

"அப்படிப் போடுங்க! போறவங்களுக்கு அடிக்கிறதவிட வரவங்களுக்கு அடிக்கிறதுதான் ஜோரா இருக்கணும்" என்று சொல்லி, மாதிரிக்கு வாங்கியதற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

பெயிண்ட் வேலையை ராகு காலத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மாமா இப்போதே கட்டளை போட்டுவிட்டார். "ஆடி மாசத்துல, எமகண்டத்துல கடைக்கால் போட்ட வீடும்மா இது. எங்கயாவது ஒரு விரிசல் காட்டு பாப்போம்" என்கிறார். சமையலறையில் ஒன்று இருக்கிறது. நான் காட்டவில்லை.

உறுத்தல் என்று எழுதியிருந்தாய். எட்டு வருஷமாக இந்த வீட்டில் ஒருவர் என்னிடம் யூரியா விலை பேசுகிறார், இன்னொருவர் கடவுள் ஏன் இல்லை என்று பேசுகிறார். நடுவில் நான் தலையாட்டுகிறேன். நீ வந்தால் எனக்கு வாயைத் திறக்க ஓர் ஆள் கிடைக்கும். சீக்கிரம் வா.

உன் அண்ணி,
செந்தாமரை


முத்துப்பேட்டை
12.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம். அட்டைகள் வந்தன. மருந்தகச் சுவரில், தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். மாடு, ஆடு, கோழி கொண்டுவருகிற ஒருவரையும் ஓட்டுப் போடாமல் அனுப்புவதில்லை. படகுக்காரர்கள் எல்லாம் ஏழு. பெண்களில் பெரும்பாலும் எட்டு. மீரா உசேன் அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, இதுல ரெண்டு இருக்குங்கறீங்களே, இன்னொண்ணு எங்க?" என்கிறார்.

போன வாரம் ஒரு கூத்து. ஒரு பெரியவர் பசுவைச் சினை ஊசிக்கு ஓட்டிவந்தார். சரியான பருவம், அரை நாள் தள்ளினால் போச்சு. கயிற்றைக் கட்டும்போது யாரோ அன்றைக்கு அஷ்டமி என்று சொல்லித் தொலைக்க, மனிதர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "பசுவுக்கு அஷ்டமி தெரியுமாங்க? பஞ்சாங்கம் படிச்சிட்டா பருவத்துக்கு வருது?" என்று நான் சிரித்த சிரிப்பில் மாடே மிரண்டுவிட்டது. அப்பாவிடம் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். இந்த விஷயத்தில் நான் அவருக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

அட்டையில் பார்ப்பது போதவில்லை. மாடி அறைச் சுவரிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகப் பூசிப் பார்த்துச் சொல்லுங்களேன்? நேற்று வரை நான் எட்டு. இன்று காலையிலிருந்து ஏழு. பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் மெஷினில் ரொம்ப நேரம் குனிந்து உட்காராதீர்கள்.

செம்மொழி


திருக்காட்டுப்பள்ளி
24.2.2025

அன்புள்ள செம்மொழிக்கு,

நலம். அறுப்பு முடிந்து நெல் போய்விட்டது. உளுந்து தெளித்து முளைத்தும் விட்டது. உன் பசு கதையை மாமா தெருவில் ஓர் ஆள் விடாமல் சொல்லிவிட்டார். கடைசியில் நீ சொன்னதோடு அவர் சொன்னதும் சேர்ந்து கதை நீண்டுவிட்டது.

சுவரில் இரண்டு திட்டும் நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பூசினேன். ஆளுயரத்துக்கு இருக்கின்றன. தையல் மெஷினையும் மாடிக்கு ஏற்றிவிட்டேன். ஜாக்கெட் ஒன்று தைப்பேன், நிமிர்ந்து சுவரைப் பார்ப்பேன், மறுபடி குனிவேன். நீ நம்பமாட்டாய், நான் ஏழுக்கு மாறிவிட்டேன்! சுவரில் ஏறியதும் அது சிரிக்கிறது. உன் அண்ணன் வந்து பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான இருக்கு, பாதிக்குப் பாதி அடிச்சிடுங்க" என்றார். இந்த ஆளிடம் அபிப்பிராயம் கேட்டது என் தப்பு.

மார்ச் இருபதாம் தேதி வாக்கில் பெயிண்டர் துரைராசு வருகிறார். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அப்புறம்தான் நீலம். அதற்குள் நீ ஒரு முடிவுக்கு வா. ஜன்னலுக்குத் திரை நான் தைக்கிறேன், நீ கடையில் வாங்கிவைத்துவிடாதே.

எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. என் புகுந்த வீட்டில் நான் பார்த்துப் பார்த்துச் செய்கிற முதல் அறை இது.

அண்ணி


முத்துப்பேட்டை
5.3.2025

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. எட்டு! முடிவாக எட்டு!

நீங்கள் எட்டிலிருந்து ஏழுக்குப் போனதும் எனக்கு எட்டின் மேல் பரிதாபம் வந்துவிட்டது. அட்டையைக் கழற்றிக்கொண்டு கோரையாற்றுப் பக்கம் போய், சாயங்கால வெளிச்சத்தில் கையில் பிடித்துப் பார்த்தேன். ஏழு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் நாளெல்லாம் சாணியிலும் ரத்தத்திலும் நின்றுவிட்டு வருகிறவளுக்குச் சிரிக்கிற சுவர் வேண்டாம் அண்ணி. 'வந்துட்டியா, உக்காரு' என்று சொல்கிற சுவர் வேண்டும். அது எட்டுதான். துரைராசுவிடம் சொல்லிவிடுங்கள், அன்சார் பாயை டின்னைக் கலக்கச் சொல்லுங்கள். நான் மனம் மாறுவதற்குள் எல்லாம் நடக்கட்டும்.

படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு விளக்கும், ஆணிகள் ஒரு பொட்டலமும் வாங்கிவிட்டேன். என் சுவரில் நானே அடிப்பேன்.

அடித்து முடித்ததும் எழுதுங்கள். படம் அனுப்பாதீர்கள், எழுதுங்கள்.

உங்கள்
செம்மொழி


திருக்காட்டுப்பள்ளி
9.4.2025

அன்புள்ள செம்மொழிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உளுந்து பறிப்பு நடக்கிறது, வேலை சரியாக இருக்கிறது. குத்தாலத்திலிருந்து என் அம்மா வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார்கள்.

பெயிண்ட் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அன்சார் கடையில் எட்டாம் எண் சரக்கு வரவில்லையாம். சுவரிலும் ஈரம் இருக்கிற மாதிரி தெரிகிறது, காயட்டும் என்று விட்டிருக்கிறோம். தையல் மெஷினைக் கீழே இறக்கிவிட்டேன், மாடியில் வெயில் தாங்கவில்லை.

உன் அண்ணன் தாடி வளர்க்கிறார். தெருவில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

அவசரப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


முத்துப்பேட்டை
16.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யாரோ உங்கள் கையெழுத்தில் எழுதியது போல இருக்கிறது.

சித்திரை வெயிலில் எந்தச் சுவர் அண்ணி ஈரமாக இருக்கும்? அன்சார் பாய்க்கும் போன் போட்டேன். "எட்டாம் நம்பர் டின்னு போன மாசமே கலந்து வெச்சாச்சே டாக்டர். அம்மாதான் அப்பறமா எடுத்துக்கறேன்னாங்க" என்றார். துரைராசுவையும் வேறு வேலைக்குப் போகச் சொன்னது நீங்கள்தானாம்.

போனில் கேட்டால் 'குக்கர் கூப்பிடுது, வெச்சிடட்டுமா' என்கிறீர்கள். உங்கள் வீட்டுக் குக்கர் என் குரலைக் கேட்டதும் கூப்பிடுகிறது போலிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் அம்மா வந்துபோன பிறகுதான் இந்த மாற்றம் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்லியிருந்தாலும் தப்பில்லை. பெற்ற மகள் வீட்டில் நாத்தனார் வந்து குடியேறுகிறாள் என்றால் எந்த அம்மாவும் நாலு வார்த்தை சொல்வார்.

எனக்கு வேண்டியது ஒரே பதில். நான் வரட்டுமா, வேண்டாமா?

அண்ணனிடம் தாடியை எடுக்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்காது.

செம்மொழி


திருக்காட்டுப்பள்ளி
30.4.2025

அன்புள்ள செம்மொழிக்கு,

நலமா? இங்கே நலம்.

நீ வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என் அம்மா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயிண்ட் மட்டும் இப்போது வேண்டாம். கார்த்திகை மாதம் அடித்துக்கொள்ளலாம். ஏன் என்று கேட்காதே, அடிக்கலாம் என்று சொன்னதை மட்டும் நம்பு.

வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அண்ணி


முத்துப்பேட்டை
8.5.2025

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். அனைவரும் நலமென நம்புகிறேன்.

மாறுதல் ஆணை வந்துவிட்டது. ஜூன் இரண்டாம் தேதி திருக்காட்டுப்பள்ளி மருந்தகத்தில் சேர வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு பேசியிருக்கிறேன். வெள்ளைச் சுவர்தான், எனக்குப் பழக்கம்தான். ஏன் என்று கேட்கக் கூடாது என்று சொல்லப்பட்ட வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

மாடி அறையில் உங்கள் தையல் மெஷினைத் திரும்பவும் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் நன்றாக வரும். அப்பாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
செம்மொழி


திருக்காட்டுப்பள்ளி
15.5.2025

என் செம்மொழிக்கு,

நீ நலமாக இருக்கமாட்டாய். உன்னை அழவைத்துவிட்டு நான் எங்கே நலமாக இருப்பது?

இனி மறைக்க மாட்டேன். நான் முழுகாமல் இருக்கிறேன். நாலாம் மாதம் நடக்கிறது. உன் அண்ணனுக்கும் என் அம்மாவுக்கும்தான் தெரியும். மூன்றாவதாக உனக்குச் சொல்கிறேன்.

முன்பு இரண்டு தடவை கலைந்தது உனக்குத் தெரியும். முதல் தடவை மாடி எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை குளியலறைச் சுவரை இடித்துக் கட்டினோம். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் கட்டட வேலை, சுவர் வேலை ஆகாது என்று என் அம்மா அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். இந்த வீட்டில் அதை யாரிடம் சொல்வது? டாக்டர் வேறு காரணம் சொன்னார். நீயும் அதைப் பொறுமையாக விளக்கினாய். எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்ததை வைத்துக்கொண்டு தூங்கத்தான் முடியவில்லை.

ஸ்டூலில் ஏறி உன் சுவருக்கு நீலம் பூசினேனே, அப்போதே இருந்திருக்கிறது. தெரிந்த அன்றைக்கு அந்தத் திட்டுகளைப் பார்க்க முடியாமல்தான் மெஷினைக் கீழே இறக்கினேன். துரைராசு வந்து ஒரு சுரண்டு சுரண்டினால்கூட என்னால் தாங்க முடியாது என்று அவரை அனுப்பிவிட்டேன். கர்ப்பிணியின் புருஷன் முடி எடுக்கக் கூடாது என்பதால் உன் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தாடி வளர்க்க வைத்ததும் நான்தான். தெருவே கேலி செய்கிறது, அவர் தாடியைத் தடவிக்கொண்டு போய்விடுகிறார்.

உனக்கு ஏன் எழுதவில்லை தெரியுமா? அந்த அஷ்டமிப் பெரியவரைப் பார்த்து நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்கு இங்கே வரை கேட்டது. நீயும் மாமாவும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் எங்கே போவேன்? சிரிக்காமல் அறிவு சொன்னால் இன்னும் கஷ்டம்.

இப்போது வேறு வினை. நீ வாடகை வீட்டுக்குப் போகிறாய் என்றதும் மாமா குதிக்கிறார். "எம் பொண்ணு சொந்த ஊருல வாடகைக்கு இருக்கிறதா? பெயிண்டுதான பிரச்சனை? நானே அடிக்க வைக்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, துரைராசுவை வரச் சொல்லிவிட்டார். எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. உன் அண்ணன் காரணம் சொல்லப் போனால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை வரும். என்னால் அவர் கொள்கை போயிற்று என்றும் இருக்க வேண்டாம்.

இது மூடத்தனமாகவே இருக்கட்டும் செம்மொழி. எனக்கு இந்தப் பிள்ளை வேண்டும்.

உன் அறை உனக்குத்தான். எனக்கு நீயும் வேண்டும்.

அண்ணி


முத்துப்பேட்டை
19.5.2025

என் அண்ணிக்கு!

மருந்தகத்தில் நின்றபடியே உங்கள் கடிதத்தைப் படித்தேன். கத்திய கத்தலில் ஊசிக்குப் பிடித்திருந்த ஆடு கயிற்றோடு ஓடிவிட்டது. மீரா உசேன் அண்ணன் ஆட்டைத் துரத்தாமல் என்னிடம் ஓடிவந்து, "என்னம்மா, யாருக்கு என்ன?" என்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. சம்பளம் ஏறிவிட்டது என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். போன் பண்ணக் கை பரபரத்தது. பண்ணினால் அழுதுவிடுவேன், அது ஸ்பீக்கரில் கூடம் முழுக்கக் கேட்கும்.

மாட்டுக்குச் சினை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அண்ணி மெஷினைக் கீழே இறக்குகிறார், அம்மா வந்து தங்குகிறார், அண்ணன் தாடி வளர்க்கிறார், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தும் எனக்கு விளங்கவில்லை. என் பட்டத்தை எடுத்து ஆற்றில் போட வேண்டும்.

அறிவு சொல்லமாட்டேன். தூரிகைக்கும் கருவுக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நாலு பக்கம் எழுத முடியும். நாலு பக்கமும் உங்களை ஒரு ராத்திரி தூங்க வைக்காது என்றால் எனக்கு எதற்கு அது? உங்களைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன் அண்ணி. அப்படி நினைக்க வைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனிமேல் நடக்கப்போவதைக் கேளுங்கள். வாடகை வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஜூன் முதல் தேதி பெட்டியோடு மாடி அறையில் ஏறுகிறேன். சுவர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். வாங்கிய ஆணிகளை மீரா உசேன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கும் இதே தபாலில் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். எட்டு என்று சொன்னது அவசரத்தில் சொன்னது, எனக்கு இன்னும் முடிவு வரவில்லை, துரைராசுவை நிறுத்துங்கள் என்று. அந்த ஜன்னலுக்கு வெளியே வயல் இருக்கிறதல்லவா? நாற்றங்கால் பச்சை அறைக்குள் அடிக்கும்போது எந்த நீலம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடவுக்குக் கட்டிய தண்ணீரின் வெளிச்சம் சுவரில் ஆடும்போது பார்க்க வேண்டும். ஐப்பசி அடைமழை இருட்டிலும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். இது விஞ்ஞான முறை, அப்பா மறுக்க முடியாது. அவர் திட்டுவார். இரண்டு நீலத்தில் ஒன்றைப் பிடிக்கத் தெரியாதவள் என்று தெருவுக்கே சொல்வார். சொல்லட்டும். கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள், நாத்தனார் படுத்துகிறாள் என்று தாராளமாகச் சலித்துக்கொள்ளுங்கள்.

கனமாக எதையும் தூக்காதீர்கள். முதல் வேலையாக டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன். அதில் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டும்.

அத்தை ஆகப்போகிற
செம்மொழி


திருக்காட்டுப்பள்ளி
24.5.2025

அன்பு மகள் செம்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நலம். போனிலேயே சொல்லலாம், ஆனால் செந்தாமரை பக்கத்திலேயே இருக்கிறாள்.

உன் கடிதம் வந்தது. ஒரு சுவருக்கு நீலம் முடிவு செய்ய நாற்றங்கால், நடவு, அடைமழை என்று மூன்று பருவம் கேட்கிறாய். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தபோது ஒரு கிராமத்துக்கே இதைவிடச் சீக்கிரம் விளக்குப் போட்டிருக்கிறேன். உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று நேற்று டீக்கடையில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து செந்தாமரை எதிரிலும் ஒரு தடவை சொன்னேன். எட்டு வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது நேற்றுத்தான்.

நாளைக்கு வரவேண்டாம் என்று துரைராசுவிடம் சொல்லிவிட்டேன். கொல்லைப்பக்கம் குழாய் மாற்ற வந்தவரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். மாட்டுக்கொட்டகைக்குத் தகரம் அடிக்க வந்தவர்களிடமும் கார்த்திகையில் வரச் சொல்லிவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம், என் மகள் நீலத்தில் ஒரு முடிவுக்கு வரும்வரை இந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு எதிலும் நம்பிக்கை வந்துவிடவில்லை. அது வேறு.

நீ ஐப்பசி முடியும் வரை நிதானமாக யோசி.

அப்பா,
தங்கையன்